அறுநூற்றுப் பதினொன்றாம் படம்

கற்பகத்தின் தம்பி மாரீஸ்வரனுக்கு அமெரிக்காவில் இருநூற்றுப் பத்துப் பேரைத் தெரியும். மாரீஸ்வரனுக்குக் கண் தெரியாது என்பது அந்த இருநூற்றுப் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாது.

முதல் விஷயத்தைக் கற்பகம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இரண்டாவது விஷயம் எந்தக் காலத்திலும் அந்த இருநூற்றுப் பத்துப் பேருக்குப் போய்ச் சேரக் கூடாது என்று தம்பி அவளிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தான்.

போடிமெட்டிலிருந்து பூப்பாறைக்கு இறங்கும் வழியில் இருக்கும் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவளுக்கு வேலை. காய்ந்து வரும் தூளில் குச்சியும் நாரும் கலந்திருக்கும். நீள மேசையில் தூளைப் பரப்பி, எதிரும் புதிருமாகப் பெண்கள் உட்கார்ந்து, அதை விரலால் பொறுக்கி எடுப்பார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு எஸ்டேட் வேலைக்கு வந்த கற்பகம், இருபத்தாறு வருடமாக அந்த மேசையின் ஜன்னல் பக்கத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்கள் பொறுக்கி வைத்த தட்டை மேஸ்திரி ஒரு முறை கிளறிப் பார்ப்பார். "கற்பகம் தட்டா? பாக்க வேண்டாம், கொட்டு" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எந்தத் தட்டையும் இரண்டு முறை பார்த்த பிறகுதான் நகர்த்துவாள்.

எதிரில் உட்காருகிற மாரித்தாய்க்கு வாய் சும்மா இருக்காது.

"யக்கா, ஒந்தம்பி அமெரிக்காக்காரன் பொம்மைப் படத்துக்கெல்லாம் கங்காணியாமே?"

"கங்காணி இல்லடி. அவன் கையெழுத்துப் போட்டாத்தான் அங்க அந்தப் படம் சரியான படம்னு செல்லும்."

"இங்க ஒரு லீவுச் சீட்டுல கையெழுத்து வாங்க மூணு நாளு லாந்துறோம். அதையும் ஒந்தம்பியையே போடச் சொல்லேன், புண்ணியமாப் போகும்."

மேசை முழுக்கச் சிரிக்கும். கற்பகமும் சிரிப்பாள். கை மட்டும் நிற்காது.

மாரீஸ்வரன் அவளுக்குப் பதினொரு வயது இளையவன். அவனுக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே. ஏழாம் லயத்தில் வரிசையாக இருந்த எட்டு வீடுகளில் கடைசி வீட்டில் அக்காளும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். கற்பகத்துக்கு இரண்டு வரன் வந்தது. இரண்டு வீட்டாரும், பையனை எங்காவது விடுதியில் சேர்த்துவிட்டு வரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் வரன் பேச யாரையும் வீட்டுக்குள் விடவில்லை.

லேபர் கிளப்பில் ஒரு டிவி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் அங்கே போய் உட்காருவார்கள். அமெரிக்காவில் எண்பது, தொண்ணூறு வருடத்துக்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்கள் மாலையில் ஓடும். பேச்சு அதிகம் இருக்காது. விழுவது, ஓடுவது, அடி வாங்குவது, எழுந்து மறுபடி ஓடுவது. மற்றப் பையன்கள் சண்டைப் படம் வந்ததும் அதற்கு மாறிவிட்டார்கள். மாரீஸ்வரன் மாறவில்லை. ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"யக்கா, நம்மள ஏமாத்துறாக."

"யாருடா?"

"டிவிக்காரன். போன மாசம் இதே படத்துல கரடி ரெண்டு தடவ விழுந்துச்சு. இன்னைக்கு ஒரு தடவதான் விழுகுது. வெட்டிட்டாக."

பன்னிரண்டு வயதுப் பையனின் கண். அவள் அதை அன்றைக்கே மேசையில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள். அந்தக் கண்தான் பிறகு கெட்டது. முதலில் பொழுது சாய்ந்தால் தட்டுத் தடுமாறினான். மாலைக்கண் என்று முருங்கைக்கீரையாக ஆக்கிப் போட்டாள். ப்ளஸ் டூ முடித்த வருடம் மதுரைக்குக் கூட்டிப்போனபோது டாக்டர், பார்வை ஓரத்திலிருந்து நடுவுக்கு அடைத்துக்கொண்டே வரும், மருந்து கிடையாது, எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் மாரீஸ்வரன் போடி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். மலை ஏறத் தொடங்கியதும், "நடுவுல தெரியுதுல்லக்கா. படம் நடுவுலதான ஓடுது" என்றான்.

சூரியநெல்லிப் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. அங்கே கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தன. ஆள் வராத மழைக்காலத்தில் அவன் தேடிக் கண்டுபிடித்ததுதான் அந்தக் கூட்டம். பழைய அமெரிக்கக் கார்ட்டூன்கள் ஒவ்வொன்றும் ஏழு நிமிடம்தான். அதனால் அவர்கள் தங்களை ஏழு நிமிடக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், லாரி ஓட்டுகிறவர், பல் டாக்டர், பெரும்பாலும் அமெரிக்கர்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அவரவர் வைத்திருக்கும் பிரதிகளை இன்டர்நெட்டில் போட்டு, எதில் எந்தத் துண்டு வெட்டப்பட்டிருக்கிறது, எந்தத் துண்டு எங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது என்று ஒப்பிட்டு எழுதுவதுதான் வேலை. சம்பளம் கிடையாது. சண்டை நிறைய உண்டு. ஒரு படத்துக்கு ஒரு கோப்பு. பிலிமின் ஒவ்வொரு தனிப் படத்தையும் தன் கண்ணால் பார்த்த இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் அந்தக் கோப்பு முடிந்தது. அதன்பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது.

மாரீஸ்வரன் அங்கே 'மெட்டு' என்று பெயர் வைத்துக்கொண்டான். இங்கிலீஷை அவர்களோடு சண்டை போட்டே கற்றுக்கொண்டான். நான்கைந்து வருடத்தில், மெட்டு பார்த்துவிட்டால் போதும் என்ற பேச்சு வந்துவிட்டது.

கண் முழுக்க அடைத்தது எந்த நாளில் என்று கற்பகத்துக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. லாட்ஜ் வேலையை விட்டுவிட்டு, லாட்ஜ்காரர் கொடுத்த பழைய லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். படி இறங்கும்போது சுவரைத் தடவ ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டை அவள் எடுக்கும்போது கேட்டான்.

"யக்கா, ஒனக்கு நேரமிருந்தா எனக்கொரு படம் பாத்துச் சொல்லுதியா?"

"நான் என்னத்தடா பாக்க? எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

"கரடிக்கும் தெரியாது."

அதைச் சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அவுகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்க்கா. இங்க எங்க போனாலும் பாவம்பாக, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாக. அங்க ஒரு எடத்துலதான் எங்கூடச் சரிக்குச் சரியாச் சண்டை போடுறாக. அது எனக்கு வேணும்."

அன்றைக்குத்தான் சத்தியம் வாங்கினான்.

அதிலிருந்து ஏழு வருடம் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டினால் பிலிமில் ஒரு படம் நகரும். ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு படம். ஏழு நிமிடத்துக்குப் பத்தாயிரத்து எண்பது. கற்பகம் தட்டுவாள், பார்ப்பாள், சொல்லுவாள். நாற்பது பக்க நோட்டில் படத்தின் எண்ணைப் போட்டு எதிரில் குறித்தும் வைப்பாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, எழுத்தைப் பேசிக் காட்டும் போனில் இங்கிலீஷில் அடிப்பான்.

"கரடி கைய ஓங்கிருக்கு. அடுத்தது. கை எறங்குது. அடுத்தது. ஆட்டுக்கு மூணு காலு."

"நாலு காலுக்கா."

"மூணுதாண்டா. எனக்கு எண்ணத் தெரியாதா? இந்தா அடுத்ததுல நாலு வந்துருச்சு."

அவன் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். தொண்ணூறு வருடம் யாரும் பார்க்காத பிழை. வரைந்தவர் ஒரு காலை மறந்திருக்கிறார். அதை எழுதிப் போட்டதும் ஒரு வாரத்துக்குப் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. மெட்டுவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பல் டாக்டர் எழுதியிருந்ததை, போனைத் திரும்பத் திரும்பப் பேச வைத்து அக்காளுக்குக் கேட்கச் செய்தான்.

"கேட்டியா, ஒன் கண்ணத்தான் சொல்லுறாக."

"ஒன் பேரத்தான சொல்லுறாக. அது போதும்."

அவன் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. "பிலிமுல அழுக்கு, மசுரு, கீறல் எல்லாம் கெடக்கும். அதையும் விடாமச் சொல்லு. வரைஞ்ச ஒரே தாள ரெண்டு தடவ படம் புடிப்பாக. அழுக்கு பெறகு வந்து விழுந்தது. ஒரு படத்துல இருக்கும், அடுத்ததுல இருக்காது. ரெண்டுலயும் ஒரே எடத்துல ஒண்ணு இருந்துச்சுன்னா, அது அழுக்கில்ல. யாரோ வரைஞ்சது."

அவள் தலையாட்டினாள். சொல்லவும் செய்தாள்.

அந்தக் கூட்டத்தில் ஒஹாயோ மாநிலத்துக்காரர் ஒருவர் இருந்தார். எழுபத்தெட்டு வயது. அக்காளும் தம்பியும் அவரை ஒஹாயோ என்றே சொல்லுவார்கள். அவர் ஒரே ஒரு படத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார். சலவை செய்யும் ஒரு கரடி. கொடியில் காயும் துணியைத் தின்னும் ஒரு ஆடு. அவரை எடுத்து வளர்த்த சித்தி, அந்தப் படம் எடுத்த இடத்தில் வரைந்த தாளுக்கு மை தீட்டும் வேலை பார்த்தவர். அங்கே அந்த வேலையில் இருந்தவர்கள் எல்லாம் பெண்கள். ஒருத்தி பெயர்கூடப் படத்தில் வராது. சித்தி சாகுமுன் அவரிடம், கொடியில் தொங்கும் வெள்ளை விரிப்பின் மூலையில், ஒரே ஒரு தாளில், மூன்று இதழ் வைத்து ஒரு பூப் போட்டேன், அது நான் இருந்ததற்கு அடையாளம் என்று சொல்லியிருக்கிறார். ஒஹாயோ முப்பது வருடமாக அந்தப் படத்தின் பிரதிகளைத் தேடிப் பார்த்தார். கிடைத்ததிலெல்லாம் அந்தக் காட்சி வெட்டுப்பட்டிருந்தது. கடைசியில் யாரோ பழைய டிவி நாடாவிலிருந்து எடுத்த முழுப் பிரதியைக் கூட்டத்தில் போட்டார்கள். மங்கலான பிரதி. அவருக்கு வயதாகிவிட்டது, கண்ணும் சரியாகத் தெரியவில்லை. மெட்டு பார்க்கட்டும், மெட்டு சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதினார்.

கொடி வரும் காட்சி நாற்பது விநாடி. தொள்ளாயிரத்து அறுபது படம். கற்பகம் நான்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள். கடைசிப் படம் முடிந்ததும், "பூ இல்லடா" என்றாள்.

"நல்லாப் பாத்தியா?"

"என்னைக்குடா நான் நல்லாப் பாக்காம இருந்தேன்?"

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. பூ இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இன்னொருவர், மெட்டு பார்த்தாயிற்று என்ற நம்பிக்கையில் தானும் போட்டார். கோப்பு முடிந்தது. சிலர் ஒஹாயோவைக் கேலி செய்தார்கள். அவர் கடைசியாக ஒன்று எழுதிவிட்டுக் கூட்டத்தை விட்டுப் போனார். போன் அதை அந்த வீட்டில் வாசித்தது: மெட்டுவின் கண்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, அப்படியானால் என் சித்திதான் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.

மாரீஸ்வரன் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. "பாவம் அந்த மனுசன். ஆனா இல்லாதத இருக்குன்னு எழுத முடியுமாக்கா?"

"அதெப்படி முடியும்?" என்றாள் கற்பகம்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஆடி மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. எலிப்பனி என்றார்கள், எலியால் வரும் காய்ச்சல். நான்காம் நாள் கண் மஞ்சளானது. ஆறாம் நாள் ஆசுபத்திரியில் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கற்பகம் அவன் போனை முந்தானையில் முடிந்துகொண்டு பூப்பாறைக்குப் போனாள். அங்கே ஷிஜு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். நாற்பது வயது மலையாளத்துக்காரன். மாரீஸ்வரனின் லேப்டாப் மக்கர் செய்யும்போதெல்லாம் சரி செய்து கொடுப்பவன்.

"எத்தனை மெசேஜ் சேச்சி! மெட்டு எங்கே, மெட்டு எங்கேன்னு எல்லாரும் கேட்டிருக்காங்க."

"எழுதுய்யா. போயிட்டான்னு எழுது."

ஷிஜு எழுதினான். மறுநாள் மேசை வேலை முடிந்து அவள் மறுபடி போனபோது நூற்று நாற்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள். ஷிஜு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். அவள் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடை மூடும் நேரமானபோதும் பாதி மிச்சமிருந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய செய்தி. கூட்டம் தொடங்கி இருபது வருடம் ஆகிறது; ஒரு புத்தகம் அச்சடிக்கப் போகிறார்கள். முதல் பக்கத்தில் மெட்டுவின் போட்டோ. அவனுடைய சொந்தப் பெயர். அவன் கையெழுத்துப் போட்ட அறுபத்து மூன்று கோப்புகளின் பட்டியல். அவன் வேலைக்கு மாதிரியாக ஒரு கோப்பை முழுதாகப் போடுவார்கள்: கரடியும் ஆடும் வரும் அந்த ஒஹாயோ படத்தின் கோப்பு. உணர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் கண் கண்டதை மட்டும் எழுதிய கோப்பு என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

"அனியன் பேரு, தம்பி பேரு புஸ்தகத்துல, சேச்சி!" என்றான் ஷிஜு. அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

கற்பகம் மேசையில் சொன்னபோது மாரித்தாய் கேலி பேசவில்லை. "எந்தப் போட்டோக்கா அனுப்பப் போற? அந்த நீலச் சட்டை போட்டது அனுப்பு. அதுல ராசா மாதிரி இருப்பான்" என்றாள்.

நீலச் சட்டைப் போட்டோவை எடுத்து வைத்தாள். ஆனால் அச்சுக்குப் போகுமுன் அந்தக் கோப்பை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சந்தேகத்தினால் இல்லை. எந்தத் தட்டையும் இரண்டு முறை பார்க்கிற பழக்கம். இதை அன்றைக்கு ஒரு முறைதான் பார்த்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து, பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். நோட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அழுக்கு, கீறல் என்று முப்பத்தேழு குறிப்பு இருந்தது. இரண்டாம் ஞாயிறு பன்னிரண்டு. மூன்றாம் ஞாயிறு நான்கு. கடைசி ஞாயிறு ஒன்றுமே இல்லை. அவள் நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். திரையில் அழுக்கு குறையவே இல்லை. தொடக்கத்தில் எவ்வளவோ, கடைசியிலும் அவ்வளவு. அவள்தான் சொல்லாமல் விட்டிருக்கிறாள். விட்டது அவளுக்கே தெரியவில்லை.

மேசையில் அப்படித்தான். குச்சி கண்ணில் படும், விரல் எடுத்துப் போட்டுவிடும், எடுத்தோம் என்ற நினைப்பே இருக்காது. நாள் முடிவில் எத்தனை குச்சி எடுத்தாய் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நல்ல கை என்றால் அதுதான்.

அறுநூற்றுப் பதினொன்றாம் படத்தில் வெள்ளை விரிப்பின் கீழ் மூலையில் ஒரு சாம்பல் நிறத் துணுக்கு கிடந்தது. தூளில் கிடக்கும் நார் மாதிரி. அவள் அடுத்த படத்தைத் தட்டினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. அதே மூலை. அதே துணுக்கு. அதற்கடுத்ததில் இல்லை.

திரும்பிப் போனாள். வந்தாள். மறுபடி போனாள். இருபது முறையாவது தட்டியிருப்பாள். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தபோது துணுக்குக்கு மூன்று முனை இருந்தது.

"டேய் மாரீசு" என்று கூப்பிட்டுவிட்டாள். கட்டில் காலியாகக் கிடந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் லேப்டாப்பைச் சாக்குப் பையில் போட்டு ஷிஜு கடைக்குக் கொண்டுபோனாள். ஷிஜு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அடுத்த படத்தையும் பார்த்தான்.

"பூதான் சேச்சி."

"நாந்தான் பாத்துச் சொன்னேன். இல்லன்னு சொன்னேன்."

"இப்ப என்ன செய்யணும்?"

"எழுது. பாத்தது அக்கா, அவனில்லைன்னு எழுது. அவனுக்குக் கண்ணு தெரியாதுன்னும் எழுது."

ஷிஜு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "வேண்டா சேச்சி. இது ஆரும் அறியாது. ஒரு புள்ளி. கோப்பும் முடிஞ்சுபோச்சு. அதை எழுதினா அனியன் பேரு போகும். அவங்க சட்டம் உங்களுக்கே தெரியுமே, சொந்தக் கண்ணால பாத்தவன்தான் கையெழுத்துப் போடணும்."

"தெரியும்."

"அவரே உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினதா சொன்னீங்களே."

"வாங்குனான்." கற்பகம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "அந்த ஒஹாயோ மனுசன் பெத்தவ மாதிரி இருந்த சித்திய, பொய் சொன்னவன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு ஷிஜு. ரெண்டு வருசமா. என் ஒரு சொல்லால. எந்தம்பி பேரு அது மேலயா ஏறி நிக்கணும்?"

"செத்துப்போனவருக்கு இனி அந்தப் பேராவது இருக்கட்டுமேன்னுதான் சொல்றேன்."

"அவன்தான கேட்டான், இல்லாதத இருக்குன்னு எழுத முடியுமான்னு. இருக்குறத இல்லன்னு மட்டும் எழுதி வைக்கலாமா? சாக்குல தச்ச பெறகு குச்சி கெடக்குன்னு தெரிஞ்சா, சாக்கப் பிரிக்கணும். நீ எழுது."

ஷிஜு எழுதினான். அவள் சொன்ன வரிசையிலேயே எழுத வைத்தாள்: எந்தப் படம், எந்த எண், எந்த மூலை, யார் பார்த்தது, ஏன் விட்டுப் போனது. தேயிலை மேசையைப் பற்றியும் சொன்னாள். அதற்கு மட்டும் ஷிஜுவுக்கு இங்கிலீஷ் வர நேரமாயிற்று. தம்பிமேல் குற்றமில்லை, சரிக்குச் சரியாகச் சண்டை போட ஆள் வேண்டும் என்றுதான் மறைத்தான் என்று கடைசியில் சேர்க்கச் சொன்னாள்.

இரண்டு நாள் யாரும் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் வந்தவற்றை ஷிஜு எல்லாம் வாசிக்கவில்லை. சிலவற்றை விரலால் தள்ளிவிட்டுப் போனதை அவள் பார்த்தாள். ஏமாற்று என்று சிலர் எழுதியிருந்தார்கள். அழுதேன் என்று பல் டாக்டர் எழுதியிருந்தார். பொறுப்பில் இருந்தவர்கள் கடுமையாகப் பேசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்கள்: அவருக்குப் பார்வை எந்தத் தேதியில் போனது? அதற்கு முன் போட்ட கையெழுத்தை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.

கற்பகத்துக்கு அவன் பல் முளைத்த நாள் தெரியும், மொட்டை போட்ட நாள் தெரியும். இது தெரியவில்லை.

"ஒரு தேதி சொல்லுங்க சேச்சி" என்றான் ஷிஜு தாழ்ந்த குரலில். "ஏதாவது ஒரு தேதி. பாதிக் கோப்பாவது நிக்கும்."

அவள் சுவரைப் பார்த்தாள். லாட்ஜிலிருந்து வந்த வருடமா? அதற்கு முன்பேயா? அவளிடமே மறைத்து எத்தனை நாள் தனியாகப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தானோ.

"தெரியாதுன்னு எழுது."

அறுபத்து மூன்று கோப்புகளிலிருந்தும் மெட்டு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் வேறு ஆட்கள் மறுபடி பார்ப்பார்கள் என்றார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு வேறு யாருடைய போட்டோவோ போயிற்று. நீலச் சட்டைப் போட்டோ அவள் பெட்டியிலேயே இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஷிஜு ஃபேக்டரி வாசலுக்கே வந்தான். ஒஹாயோ எழுதியிருக்கிறார். யாரோ தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். எண்பது வயது ஆகிவிட்டது. மகளை எழுதச் சொல்லி எழுதியிருந்தார்.

"என்ன சொல்லுறாரு? திட்டியிருந்தாலும் சொல்லு."

"திட்டல சேச்சி. அறுநூற்றுப் பதினொண்ணைப் பெரிசாக்கிச் சுவத்துல ஒட்டியிருக்காராம். சித்தி பேரு ஐடாவாம். உங்க தம்பிக்குக் கண் தெரியாதுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் கூடவே சண்டை போட்டிருப்பேன், ஏன்னா அவரு அதைத்தான் விரும்பினாருன்னு உங்க கடிதத்துல இருந்து புரியுதுன்னு சொல்றாரு." ஷிஜு போனில் அடுத்த வரிக்குப் போனான். "அந்தக் கோப்புல பூவைக் கண்டுபிடிச்சவர் பேரைப் போடணுமாம். உங்க பேரைக் கேட்டிருக்காங்க."

"மாரீஸ்வரன்னு போடச் சொல்லு."

"அது ஒத்துக்க மாட்டாங்க சேச்சி. நானே கேட்டுட்டேன். கண்ணால பாத்தவங்க பேருதான் போடுவாங்களாம்."

"அப்பப் பேரே வேண்டாம்னு சொல்லு."

"பேரில்லாமப் போனா கோப்பு செல்லாதாம். கோப்பு செல்லலைன்னா பூவும் செல்லாது. அவரு சித்தி பேரும் ஏறாது."

சங்கு ஊதியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கற்பகம் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு வழி விட்டாள்.

"போட்டுக்க" என்றாள்.

ஷிஜு பேரை அடித்து ஏற்றிவிட்டுப் போன் திரையைக் காட்டினான். தம்பியின் பெயர் இருந்த அதே வரியில், அதே இடத்தில், இங்கிலீஷ் எழுத்தில் ஒரு சொல் இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரிந்த சில இங்கிலீஷ் சொற்களில் அது ஒன்று. சம்பளச் சீட்டில் மாதா மாதம் பார்ப்பது. அவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மேசையில் தூள் பரப்பியிருந்தது. மாரித்தாய் தலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"என்னக்கா, அமெரிக்காச் சேதியா? ஒந்தம்பி பேரு ஏறிருச்சா?"

இருபத்தாறு வருடத்தில் அந்த மேசையில் கற்பகம் பொய் சொன்னதில்லை.

"ஏறிருச்சு" என்றாள்.

மாரித்தாய் அடுத்திருந்தவளிடம் சொன்னாள், அவள் அதற்கடுத்தவளிடம். மேசையின் அந்தக் கோடி வரைக்கும் அது போயிற்று. கற்பகம் தட்டை இழுத்துவைத்துக்கொண்டு குனிந்தாள். தூளுக்குள் ஒரு குச்சி கிடந்தது. விரல் போயிற்று. அதை எடுக்காமல், அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.